வீட்டுக்கு ஒரு சோறு

ஆடி பிறந்து பத்து நாள் ஆனதும் எங்கள் வீட்டுப் போன் ஓயாது. "அண்ணி, தேங்காய்ச் சோறு இந்த வருஷம் எங்களுக்கா, உங்களுக்கா?" என்று நாத்தனார் கேட்பாள். சித்தி மகன் திருச்சியிலிருந்து கூப்பிட்டு, "எலுமிச்சை போன வருஷமும் நாங்கதான்க்கா, இந்த வருஷம் மாத்திக் குடுங்க" என்பான். யார் வீட்டில் என்ன சோறு என்று முடிவான பிறகுதான் எங்களுக்கு ஆடிப்பெருக்கு வந்ததாகக் கணக்கு.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரியிலிருந்து பிரிந்து வருகிற ஆறு இது. ஆடி பதினெட்டு, ஆங்கிலக் கணக்கில் ஆகஸ்ட் 2 அல்லது 3, அன்று டெல்டா முழுவதும் குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரைக்குப் போகும். மஞ்சள் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, காப்பரிசி, பழம் எல்லாம் வைத்துக் கும்பிட்டு, பெண்கள் மஞ்சள் நூல் கட்டிக்கொள்வார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் கல்யாண மாலையை எடுத்துவந்து ஆற்றில் விடுவார்கள். பிள்ளைகள் தெருவெல்லாம் சப்பரம் இழுப்பார்கள். அதன் பிறகு கரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த கலந்த சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவது. காவிரித்தாய்க்கு இந்த மாதம் மசக்கை, அதனால் அவளுக்கு வாய்க்கு ருசியாகப் பல சோறு என்று என் அப்பாயி சொல்லும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குத் தாய்வீட்டார் பல சோறு கிளறிக் கட்டுச்சோறு கொண்டுபோகிற வழக்கம் இன்றும் பல ஊரில் இருப்பதால், எனக்கு அப்பாயி சொன்னது ஒருபோதும் கதையாகப் பட்டதில்லை. ஜூனில் தண்ணீர் வந்து, குறுவை நட்டு, சம்பாவுக்கு நாற்று விடப்போகிற மாதம். ஆற்றைச் சூல் கொண்டவளாகப் பார்ப்பதற்கு வயலில் நிற்கிறவர்களுக்கு வேறு காரணம் வேண்டாம்.

நான் சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இப்போதும் சத்துணவு டீச்சர்தான். எம்.ஜி.ஆர் 1982இல் கொண்டுவந்த திட்டத்தில் சேர்ந்து, பிள்ளைகளுக்குச் சோறு அளந்தே என் உத்தியோகக் காலம் போயிற்று. பலருக்குச் சமைக்கும்போது எவ்வளவு, எப்போது, எந்தப் பாத்திரத்தில் என்பதெல்லாம் கைக்கே தெரியும். ஆனால் ஆற்றங்கரைச் சோற்றைப் பற்றி நான் சொல்ல வந்தது அளவு மட்டும் இல்லை. எங்கள் குடும்பத்தில் உள்ள ஒரு ஏற்பாட்டைப் பற்றி. ஒரு வீட்டுக்கு ஒரு சோறு. அதற்கு மேல் கிளறக் கூடாது.

முன்பெல்லாம் அப்படியில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து சோறும் நடக்கும். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, புளி, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தயிர் என்று ஐந்தையும் கிளறி, சர்க்கரைப் பொங்கலும் வைத்து, அப்பளம் பொரித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளம்புவதற்குள் பெண்களுக்கு உயிர் போய்விடும். கரைக்கு வந்தால் சாப்பிடவே தோன்றாது. அவரவர் பானையை அவரவர் பிரித்து, பக்கத்துக் குடும்பத்துக்கு ஒரு கரண்டி மரியாதைக்கு வைப்பதோடு சரி. இதை மாற்றியவர் என் மாமியார். "அஞ்சு வீட்டுல அஞ்சு அஞ்சா இருபத்தஞ்சு சட்டி எதுக்கு? ஆளுக்கு ஒண்ணு கிளறுங்க, எல்லாரும் எல்லாத்தையும் தின்போம்" என்றார். அவ்வளவுதான் சட்டம். வேலை ஐந்தில் ஒரு பங்கானது உடனே தெரிந்த லாபம். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அதற்குப் பிறகு எங்களில் யாரும் தன் வீட்டுச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு எழுந்திருக்க முடியாது. ஒரு வீடு வரவில்லையென்றால் எல்லார் இலையிலும் ஓர் இடம் காலி. கோபித்துக்கொண்டு பேசாமலிருக்கிற இரண்டு வீடுகள்கூட, ஆடி வந்தால் யாருக்கு என்ன என்று கேட்டே ஆக வேண்டும்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்பது சத்துணவுக் கணக்கு. கலந்த சோற்றில் எண்ணெயும் பருப்பும் சேர்வதால், பல சோறு வைக்கிற விருந்தில் பெரியவர்களுக்கும் மொத்தமாக அதே 100 கிராம் போதும். நாற்பது பேர் என்றால் நாலு கிலோ. ஐந்து வீடு பங்கிட்டால் வீட்டுக்கு 800 கிராம். நம் பெண்களுக்குப் பயம், பத்தாமல் போய்விடுமோ என்று. வீட்டுக்கு இரண்டு கிலோ போட்டுவிட்டு, மிஞ்சியதைச் சாயங்காலம் மாட்டுக்குக் கொட்டுவார்கள். போனில் பேசும்போதே தலையை எண்ணிக் கிராமைச் சொல்லிவிட்டால் அந்த வீண் இல்லை.

சோற்றில் மன்னன் புளிச்சோறு. கட்டிக்கொண்டு போகிற சோறாக அது நிலைத்ததற்குக் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலம் கிருமிகளைப் பெருகவிடாது. நல்லெண்ணெய் ஒவ்வொரு பருக்கையையும் பூசிக் காயாமல் வைக்கிறது, அந்த எண்ணெயும் லேசில் சிக்கடிக்காது. உப்பும் சற்றுத் தூக்கலாக இருக்கும். ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் பழைய புளி, கால் லிட்டர் நல்லெண்ணெய். புளியைக் கெட்டியாகக் கரைத்து, கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து ஊற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மிதக்கிறவரை விடாமல் காய்ச்ச வேண்டும். இந்தப் புளிக்காய்ச்சலை முந்தின நாளே முடித்து வைத்துக்கொள்ளலாம், ருசி கூடத்தான் செய்யும். காலையில் சோற்றை விறைப்பாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆற வைத்து, பிறகு காய்ச்சலைப் போட்டு உடையாமல் பிசற வேண்டும். தனியா, வெந்தயம், எள், மிளகாய் வறுத்துப் பொடித்த தூளைக் கடைசியில் தூவுவது. சூட்டில் அவசரப்பட்டுக் கிளறினால் குழைந்துவிடும்.

பாத்திர விஷயத்தில் நான் கண்டிப்பானவள். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளி, எலுமிச்சை, தயிர் எதையும் வைக்கக் கூடாது. அமிலம் செம்பைக் கரைத்து எடுக்கும், வயிற்றைப் புரட்டும். அலுமினியத்தில் புளிச்சோற்றை மணிக்கணக்கில் கிடத்துவதும் வேண்டாம். பழைய பித்தளைத் தூக்கு அழகாக இருக்கிறதென்று பரணிலிருந்து இறக்குகிறவர்கள் முதலில் உள்ளே பார்க்க வேண்டும். வெள்ளையாக ஈயம் தெரிந்தால் சரி, மஞ்சளாகத் தெரிந்தால் அதில் தண்ணீர் கொண்டுபோகலாம். சோற்றுக்கு எவர்சில்வர்தான்.

தயிர்ச்சோறு என்பது பெயரளவில்தான் தயிர். காலையில் கிளறும்போது சுடுசோற்றைக் கரண்டியால் நன்றாக மசித்து, காய்ச்சின பாலைத் தாராளமாக ஊற்றி, சோறு கைச்சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் திறக்கும்போது அது தானாகவே உறைந்து, புளிக்காமல், வெண்ணெய் மாதிரி இருக்கும். காலையிலேயே தயிரைக் கொட்டினால் மதியத்துக்குள் வாயில் வைக்க முடியாது. ஆடி வெயில் அப்படி. எலுமிச்சைக்கு ஒரே விதி, சாற்றை அடுப்பில் காட்டக் கூடாது, கசந்துவிடும். தாளிப்பை இறக்கிய பிறகு பிழிய வேண்டும். எள்ளுச் சோறு எளிது, பொடி இருந்தால் பத்து நிமிட வேலை.

எனக்குக் கவலை தேங்காய்ச் சோறுதான். அதில் புளிப்பு இல்லை, ஈரம் உண்டு, சீக்கிரம் ஊசிப்போகும். சமைத்த சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த பாடம். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் வித்து இருக்கும், அது வேக வைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக, மூடினபடி மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால் சோற்றைப் பரப்பி ஆற விட்டுத்தான் தூக்கில் அடைக்க வேண்டும். ஆவி அடங்குவதற்கு முன் மூடியைப் போட்டால் மூடிக்கு அடியில் நீர் கோத்து மேலே சொட்டும், அந்த இடத்தில்தான் முதலில் கெடும். தேங்காயைத் துருவி ஈரம் போகச் சிவக்க வறுத்து, மற்ற எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கிளறி, கரையில் முதலில் பரிமாறிவிட வேண்டும். எங்கள் வரிசையில் தேங்காய் முன்னால் வருவது இதனால்தான். பலர் அதைச் சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், பருப்புத் துவையல், மோர்மிளகாய், மாவடு, அப்பளம். சாம்பார் ரசம் கிடையாது. மணலில் தளும்புகிறதை வைத்துக்கொண்டு யார் அல்லாடுவது.

இலை எங்களுக்குப் பஞ்சமே இல்லை. திருவையாற்றுப் பக்கம் வாழைக் கொல்லைகள் நிறைய. யார் கொல்லையில் வெட்டினாலும் அன்றைக்குக் காசு கேட்க மாட்டார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மந்தாரைத் தையல் இலை தோது, கிழியாது, அடுக்கலாம். 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதத் தட்டும் அந்தத் தடையில் சேர்ந்ததுதான். இருந்தும் ஆடி பத்தொன்பதாம் நாள் காலையில் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள், வயிறு எரியும். காவிரித்தாய்க்குப் பல சோறு படைத்துவிட்டு, அவள் மேலேயே தண்ணீர் பாட்டிலையும் தட்டையும் பழந்துணியையும் எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் சாக்கு ஒன்று கட்டாயம் வரும். அதைத் தூக்கி வருவது கல்லூரிக்குப் போகிற பையன்கள் பொறுப்பு. சாப்பிட்ட இலையைக் கரையோரம் கட்டியிருக்கிற மாடுகளுக்குப் போட்டுவிடுவோம்.

எல்லா வருடமும் ஆறு நமக்காக ஓடிக்கொண்டிருப்பதில்லை. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது, பாசனத்துக்குத் திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12. அன்று திறந்தால் ஆடிப்பெருக்குக்கு ஆறு நிறைந்திருக்கும். 2017இல் அக்டோபர் 2ஆம் தேதிதான் திறந்தார்கள். ஆடி பதினெட்டன்று குடமுருட்டி வெறும் மணல். வீட்டிலிருந்து குடத்தில் போர்த் தண்ணீர் கொண்டுபோய் மணலில் ஊற்றிக் கும்பிட்டோம். அப்போதும் சோற்றை நிறுத்தவில்லை, ஆற்றின் நடுவிலேயே ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டோம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பெரியவர்கள்தான் அதிகம் பேசவில்லை. குறுவை போன வருத்தம் அவரவர் முகத்தில் இருந்தது. 2024இல் நேர்மாறு. கர்நாடகத்தில் மழை பெய்து, அணை நிரம்பிவர, ஜூலை 28இல் திறந்த தண்ணீர் ஆகஸ்ட் 3ஆம் தேதிப் பெருக்குக்கு நுங்கும் நுரையுமாக நின்றது. காவிரிக் கரையில் பல இடங்களில் இறங்கக் கூடாதென்று போலீஸ் நின்றார்கள். நாங்கள் கரைமேல் புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். பெருக்கு நாளில் தண்ணீரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வாய்பேசுகிற பெரியவர்களை நான் சத்தம்போட்டே திட்டுவேன். சோறு பரிமாறுகிற நேரத்தில்தான் கவனம் தப்பும். அந்த நேரத்தில் படிக்கட்டில் ஒருவர் காவல் உட்கார வேண்டும், அவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும்.

இனி, யாரோடு சாப்பிடுவது என்ற விஷயம். இதைச் சொல்லாமல் ஆற்றங்கரை விருந்தைப் பற்றி எழுதினால் அது பாதிதான். ஊரில் தெருவுக்கு ஒரு துறை இருந்தது. அந்தத் தெருக்காரர்கள் அந்தத் துறையில் இறங்குவார்கள், அந்தக் கரையில் சாப்பிடுவார்கள். ஒரே ஆற்றுத் தண்ணீர், சோறு மட்டும் தெருவைத் தாண்டாது. என் மையத்தில் சமையலராக இருந்த அக்கா கீழத்தெருவிலிருந்து வருகிறவர். அந்த அக்கா கைப்பக்குவத்தில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் வளர்ந்தன. ஆரம்பத்தில் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த பிள்ளைகளும் உண்டு, பெற்றோர் சொல்லி அனுப்பியது. சமைத்தது யாரென்று பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் பற்றித் தமிழ்நாட்டில் இன்னும் செய்தி வருகிறது. அந்த அக்கா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே, தினமும் விடிந்ததும் அடுப்பு மூட்டினவர்.

மாமியாரின் ஏற்பாடு வந்த சில வருடங்களில், அந்த அக்காவையும் குடும்பத்தோடு வரச் சொன்னேன். அவர் முதலில் தயங்கினார். பிறகு, "வந்தா வெறுங்கையோட வர மாட்டேன் டீச்சர். எந்தச் சோறு எனக்கு?" என்றார். புளிச்சோறு என்றேன். யோசித்துத்தான் சொன்னேன். வேறு ஏதாவது கொடுத்திருந்தால், வேண்டாதவர்கள் அதை மட்டும் தவிர்த்துவிட்டு மற்ற நாலைத் தின்றுவிட்டுப் போவார்கள். புளிச்சோறு இல்லாமல் ஆடிப்பெருக்கு யாருக்கும் ஆகாது. வேண்டுமென்றால் அந்த அக்கா கையால்தான் வாங்க வேண்டும்.

என் மாமியார் ஒன்றும் பேசாமல் முதல் ஆளாக இலையை நீட்டினார். பெரியப்பா வீட்டார் எழுந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தார்கள், அடுத்த வருடம் ஐந்து சோறும் தாங்களே கிளறிக்கொண்டு வந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர்கள் இன்றும் தள்ளித்தான் உட்காருகிறார்கள். பேரப்பிள்ளைகள் இலையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிடுகின்றன, அந்த அக்காவின் பேத்தியும் அவர்களும் ஒரே பள்ளிக்கூடத்து வேனில் போகிறவர்கள். வீட்டுச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கீழத்தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் சரியாகாதது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர்களுக்குள் மட்டும் சுற்றிவருகிற தூக்குச்சட்டியை விருந்து என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

இப்போது கேட்டரிங்காரர்கள் ஆடிப்பெருக்குப் பொட்டலம் என்றே விற்கிறார்கள். ஐந்து சோறும் அப்பளத்தோடு ஒரே பெட்டியில். வேலைக்குப் போகிற பெண்கள் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, காலையில் மூன்று மணிக்கு எழுந்திரு என்று யாரையும் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் பெட்டியில் எல்லாமே இருப்பதால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க எதுவும் இல்லாமல் போகிறது. ஒரே ஒரு சோறு கிளறுவதற்கு முக்கால் மணி நேரம் போதும், அதை ஆண்பிள்ளைகளும் கிளறலாம். சித்தி மகன் வீட்டில் எலுமிச்சை கிளறுவது அவன்தான். ஆறு இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் ஏரிக்கரைக்கோ, கோயில் குளத்துக்கோ, யாராவது ஒருவரின் தென்னந்தோப்புக்கோ போகலாம். நாலு வீடு, நாலு சோறு, முன்கூட்டியே ஒரு போன். அதில் ஒரு வீடாவது உறவுக்கு வெளியே இருக்கட்டும்.

இந்த வருடம் சென்னையிலிருந்து என் பேத்தி அவளுடைய சிநேகிதி குடும்பத்தைக் கூட்டி வருகிறாள். அவர்கள் வீட்டுப் பங்குக்குக் குஸ்கா செய்து தருவார்களாம். ஆடிப்பெருக்குக்குக் குஸ்காவா என்று நாத்தனார் போனில் ஒரு பாட்டம் பேசினாள். வரட்டும் என்று சொல்லிவிட்டேன். வெங்காயமும் தக்காளியும் சேர்ந்த சோறு, வெயில் தாங்காது. அதனால் எங்கள் வீட்டு அடுப்பிலேயே பத்து மணிக்கு மேல் தம் போட்டு இறக்கி, தேங்காய்ச் சோற்றுக்கும் முன்னால் பரிமாறிவிட வேண்டும் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தைந்து பேர், ஆறு சோறு என்ற கணக்கில் 750 கிராம் அரிசி, அதற்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம் என்றும்.